மலையில் மழை, நடுவழியில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

இமயமலைப் பக்கம் நடக்கும் நெடுந்தூர மவுண்டன் பைக் போட்டிகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழையைப் பற்றித்தான் கேட்கின்றன. செட்டிநாட்டிலிருந்து இத்தனை பேர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். முடிந்தவரை எல்லாருக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் ஆகஸ்ட் மாதம் இமாச்சலில் நடந்த மூன்று நாள் மவுண்டன் பைக் போட்டிக்குப் போனோம். மண்டி என்ற ஊருக்கு மேலே மண்சரிவு, பஸ் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால் முதல் நாள் ஓட்டம் ரத்து என்றார்கள், இரண்டாம் நாள் பாதித் தூரத்தோடு முடித்துவிட்டார்கள். ஒரு வருடப் பயிற்சி, ஆளுக்கு நாற்பதாயிரம் செலவு. மழையிலும் சேற்றிலும் ஓட்டத்தானே இந்த சைக்கிள்? ஊரில் வேறு "பாதியிலேயே திரும்பிட்டீங்களா" என்று கேட்கிறார்கள். அமைப்பாளர்கள் செய்தது சரியா?
(தேவகோட்டை வாசகர்)

பதில்: சரிதான் செய்தார்கள். உங்கள் மனசு ஆறாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நானும் காரைக்குடியில் பல்லவன் ஏறி, சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து, டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய், ஊரை விட்டுக் கிளம்பிய நாலாவது நாள் காலையில் இதே மண்டி, பண்டோ சாலையில் ஒரு மண்சரிவுக்குப் பின்னால் 14 மணி நேரம் உட்கார்ந்திருந்தவன். மேலேயிருந்து கல் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்தபோது போட்டியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் பஸ் எந்தச் சாலையில் நின்றதோ அதே சாலையில்தான் ஆம்புலன்ஸும் வர வேண்டும். ஒரு வளைவில் நீங்கள் விழுந்து காலை உடைத்துக்கொண்டால், மண்சரிவுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. மழையில் ஓட்டும் தைரியம் உங்களுக்கு இருந்திருக்கும், நான் சந்தேகப்படவில்லை. விழுந்தவரைத் தூக்கிப் போக வழி இருக்கிறதா என்பதைத்தான் அமைப்பாளர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் குளிர். நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடாது, ஏனென்றால் நமக்கு மழையில் நனைவது சுகம். மழைக்கு ஏங்கும் சீமை நம்முடையது. வளவுக்குள் மழை கொட்டும்போது அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். மலையில் அப்படியில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும், ஆக 3,000 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயில் அடிவாரச் சமவெளியைவிட ஏறக்குறைய 20 டிகிரி குறைவாக இருக்கும். அதில் உடம்பெல்லாம் நனைந்து, ஏற்றத்தில் வேர்த்து, உடனே இறக்கத்தில் காற்று முகத்தில் அறைய முக்கால் மணி நேரம் மிதிக்காமல் உட்கார்ந்து வந்தால், உடம்பு உண்டாக்கும் சூடு வெகுவாகக் குறைந்துவிடும், இழப்பது மட்டும் நிற்காது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம் வரும், பிறகு விரல்கள் விறைத்து பிரேக்கைப் பிடிக்க வராது, அதற்கும் பிறகு பேச்சு குழறும், யோசனை தடுமாறும். அந்தக் கட்டத்தில் தனக்கு ஆபத்து என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த முடிவைப் போட்டியாளர் கையில் விட முடியாது என்கிறேன்.

2021 மே 22-ம் தேதி சீனாவின் கன்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டி ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் குளிர், பலத்த காற்று. 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் நாட்டின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களும் உண்டு, பயிற்சி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் குகைக்குள் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். இந்தச் செய்தியைப் படித்த பிறகு, போட்டியை நிறுத்துகிற எந்த அமைப்பாளர் மீதும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. எத்தனை மணிக்கு அறிவித்தார்கள்? மழை வந்தால் எந்தப் பாதை, எந்த இடத்தில் ஓட்டத்தை முடிப்பார்கள், கட்டணத்துக்கு என்ன வழி என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தார்களா? இல்லையென்றால் இப்போதாவது கடிதம் எழுதி, கட்டணத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மூன்று பேரும் சேர்ந்து, மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஊரில் கேட்பவர்களிடம் "சாலை இல்லை, அதனால் திரும்பினோம்" என்று மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: மழையால் ரயில், விமானம் தடைப்பட்டால் டிக்கெட் பணம் திரும்ப வருமா?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் முழுப் பணமும் வரும், இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், தானாகவே கணக்கில் ஏறிவிடும். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், அதில் ஏறாமல், ரயில் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டால் முழுப் பணமும் கிடைக்கும். கிளம்பிய பிறகு போட்டால் கிடைக்காது, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயிலைத் தவறவிடும் ஆபத்து இருந்தால், இரண்டு பிஎன்ஆரையும் முன்கூட்டியே இணைத்து வையுங்கள்.

விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வானிலை என்றால் அதற்கு மேல் நஷ்ட ஈடு கிடையாது. விமானம் நேரத்துக்குக் கிளம்பி, மண்சரிவில் மாட்டி நீங்கள் போய்ச் சேரவில்லை என்றால் விமான நிலையக் கட்டணம், வரி போன்றவைதான் திரும்பும். எனவே மலையிலிருந்து இறங்கும் அதே நாளில் விமானம் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள். சண்டிகரிலோ டெல்லியிலோ ஒரு ராத்திரி தங்கும் செலவு அந்த டிக்கெட்டை இழப்பதைவிடக் குறைவு.

கேள்வி: சைக்கிளை ரயிலில் அனுப்பலாமா? மழையில் நனைந்து, அடிபட்டு வரும் என்று பயமாக இருக்கிறது.
(கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: அனுப்பலாம், நான் அப்படித்தான் கொண்டுபோகிறேன். பார்சல் ஆபீஸில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமோடு சேர்த்துக் கட்டி, செயினைப் பின் கியர்களுக்கு இடையே மாற்றுகிற டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி உள்பக்கமாகக் கட்டுங்கள், அதுதான் முதலில் வளையும். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் சொருகி வையுங்கள். ஆயில் பிரேக்கில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், மலை அடிவாரத்தில் உட்கார்ந்து அதைப் பிரிப்பது பெரிய வேதனை. முதலில் தடிமனான பாலித்தீன், அதற்கு மேல் சாக்கு, இரண்டு பக்கமும் பெயர், போன் நம்பர், புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன்.

சைக்கிள் நீங்கள் போகும் அதே ரயிலில் வராமல் போகலாம், மழைக் காலத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அதனால் ஹெல்மெட், ஷூ, பெடல், மழைச் சட்டை நான்கையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வராவிட்டால் அங்கே ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம், உங்கள் கால் அளவு ஷூவை வாடகைக்கு எடுக்க முடியாது.

விமானத்தில் போவதாக இருந்தால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சைக்கிள் பெட்டிக்குள் போட்டால் பெட்டியைத் திறந்து நிறுத்திவிடுவார்கள். காற்றடிக்கும் கேஸ் குப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கைப் பம்ப் எடுத்துப் போங்கள்.

கேள்வி: தம்பி, என் பேத்தி சைக்கிள் போட்டிக்கு வடக்கே போகிறாள். போன தடவை ரோடு அடைத்துப்போய் ஒரு நாள் முழுக்க பிஸ்கட் தின்றுகொண்டு பஸ்ஸில் கிடந்தாளாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என்ன பலகாரம் செய்து கொடுத்தால் கெடாது?
(கோனாபட்டு, ஓர் ஆயா)

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வந்த கேள்விகளிலேயே மிகவும் தேவையான கேள்வி இதுதான், நெடுந்தூரம் ஓட்டுகிற பிள்ளைகள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

முதல் நாள் ரயிலுக்குப் புளியோதரை கட்டிக் கொடுங்கள், நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக. வழியில் மாட்டிக்கொண்டால் சாப்பிட மாவுருண்டை. வறுத்த பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய், இதைவிடச் சின்ன இடத்தில் அதிகத் தெம்பு தருகிற பண்டம் எனக்குத் தெரியாது. ஆனால் வழக்கமான அளவில் பிடிக்காமல் எலுமிச்சங்காயில் பாதி அளவுக்குப் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக பட்டர் பேப்பரில் முறுக்கி வையுங்கள். மலைக்குளிரில் நெய் உறைந்து உருண்டை கல்லாக இறுகிவிடும், பெரிதாக இருந்தால் பல்லே இறங்காது. சீப்பு சீடை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் தாங்கும். தேன்குழல் வேண்டாம், மழை ஈரத்தில் ஒரே நாளில் நமுத்துப்போகும். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரமெல்லாம் அவள் திரும்பி வந்த பிறகு சுட்டுக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் பேத்தியிடம் சொல்லிவிடுங்கள். மாவுருண்டை பயணத்துக்கும் சாயங்காலத்துக்கும்தான். சைக்கிளில் இருக்கும்போது நெய்ப் பண்டம் வயிற்றில் நின்றுவிடும், சீக்கிரம் செரிக்காது. அப்போது பேரீச்சம்பழம், வாழைப்பழம், வெல்லம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும், மழை பெய்கிறது, தாகமில்லை என்று சாப்பிடாமலும் குடிக்காமலும் விட்டால்தான் குளிர் சீக்கிரம் பிடிக்கும். சுக்கு மல்லிப் பொடி ஒரு சின்ன டப்பாவில் கொடுங்கள். எங்கள் பஸ் நின்ற அந்த 14 மணி நேரத்தில், சாலையோரத்தில் ஒரு டீக்கடைக்காரர் கொடுத்த வெந்நீரில் அதைக் கலந்து பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் குடித்தோம்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். நம் ஊரில் மலையும் இல்லை, குளிரும் இல்லை. மழையில் மலையில் ஓட்டுவதற்கு இங்கே எப்படிப் பயிற்சி எடுப்பது?
(காரைக்குடி மாணவி)

பதில்: தங்கச்சி, மலை இல்லை என்பது பாதிதான் உண்மை. மாதத்துக்கு ஒருமுறை திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்குப் போங்கள், 18 கொண்டை ஊசி வளைவு. கால் நன்றாகப் பழகிய பிறகு கொல்லிமலை, அங்கே 70. மற்ற நாட்களில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று எதிர்க்காற்றில் நாலைந்து மணி நேரம் கால் எடுக்காமல் மிதியுங்கள். நீண்ட ஏற்றத்துக்கு வேண்டியது விடாமல் மிதிக்கிற பழக்கம்தான், அதை எதிர்க்காற்றே கற்றுக்கொடுத்துவிடும்.

நம் ஊரில் கிடைக்கிற இன்னொரு நல்ல வாத்தியார் ஐப்பசி, கார்த்திகை. அந்த இரண்டு மாதமும் மழை என்று வீட்டில் உட்காராதீர்கள். போட்டியில் போடப்போகிற அதே மழைச் சட்டை, அதே கையுறையோடு செம்மண் பாதையில் ஓட்டுங்கள். ஈரத்தில் பிரேக் பிடிக்க எவ்வளவு தூரம் கூடுதலாக ஆகிறது, வளைவில் எந்த இடத்தில் டயர் வழுக்குகிறது, நனைந்த கையுறையோடு ஒரு பொட்டலத்தைப் பிரிக்க முடிகிறதா, இதெல்லாம் அப்போதுதான் தெரியும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள், ஈர மண்ணைப் பிடித்துப் போகும். டியூப்லெஸ் டயருக்கு மாறாவிட்டால் மாறிவிடுங்கள். சீமைக்கருவேல முள் நிறைந்த நம் ஊரில் உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலண்ட் ஊற்றிய டயர் எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரிந்துவிட்டால் எந்த மலைக்கும் பயமில்லாமல் போகலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஈரமான கண்மாய்க் கரை மேல் ஓட்டாதீர்கள், சக்கரத் தடம் கரையை அறுக்கும், அது நம் தண்ணீர். இடி மின்னலில் வெட்டவெளியில் நிற்கவே கூடாது. மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் ஓட்டத்தை நிறுத்தி ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். மரத்தடியும் கூடாது.

கேள்வி: சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். மலைப் போட்டிக்குப் போய் வந்த ஒரு தம்பியின் சைக்கிளில் புது பிரேக் பேட் ஒரே நாளில் தேய்ந்து இரும்பு தெரிகிறது. இது பேடின் குறையா?
(புதுவயல் வாசகர்)

பதில்: குறை இல்லை அண்ணே, சேற்றின் வேலை. பிசின் கலவையில் செய்த ரெசின் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் சோப்புப் போலக் கரைந்துவிடும். மழை எதிர்பார்க்கிற போட்டிக்கு சின்டர்டு எனப்படும் உலோகப் பேட் போட்டு அனுப்புங்கள், கூடவே ஒரு ஜோடி மாற்றுப் பேடும் கொடுங்கள். ஆனால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள், சில டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க் போய்விடும்.

சேறு பற்றி இன்னொரு விஷயம், உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது சுவையாக இருக்கும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் அன்பவுண்ட் என்று 200 மைல் மண் சாலைப் போட்டி நடக்கிறது. 2023-ல் போட்டி தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே, 11-வது மைல் பக்கம், பசை மாதிரிச் சேறு. சக்கரமே சுற்றவில்லை, பலருக்கு டீரெய்லர் முறிந்து அங்கேயே போட்டி முடிந்தது. விவரம் தெரிந்தவர்கள் சட்டைப் பையில் பெயிண்ட் கலக்கும் மரக்குச்சி ஒன்றை வைத்திருந்தார்கள். சேற்றுக்குள் மிதித்துப் பார்க்காமல் முன்பே இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, புல் ஓரமாக நடந்து, அந்தக் குச்சியால் டயர் இடுக்கைச் சுரண்டிவிட்டு மறுபடி ஏறினார்கள். உங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு குச்சியைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள்.

திரும்பி வந்ததும் வாட்டர் சர்வீஸில் விட்டு அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த வேகத் தண்ணீர் ஹப், பெடல் அச்சு பேரிங்குக்குள் சேற்றைத் தள்ளிவிடும். வாளித் தண்ணீர், பிரஷ், அப்புறம் துடைத்துவிட்டு செயினுக்கு எண்ணெய்.

கேள்வி: நல்ல மழைச் சட்டைக்கு எட்டாயிரம் கேட்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் ரெயின்கோட் போதாதா?
(கோட்டையூர் வாசகர்)

பதில்: இங்கே போதும், மலையில் போதாது. வெளியே மழை, உள்ளே வேர்வை என்று இரண்டு பக்கமும் நனைவீர்கள். காசு இடித்தால் மழைச் சட்டையை நண்பரிடம் கடன் வாங்குங்கள், ஆனால் உள்ளே பருத்திப் பனியன் மட்டும் போடாதீர்கள். கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காயவும் காயாது.

கேள்வி: அடுத்த வருடம் முதல் முறையாக இமாச்சல் போட்டிக்குப் போக ஆசை. எந்த மாதம் நல்லது, எத்தனை நாள் முன்னால் கிளம்ப வேண்டும்?
(திருமயம் வாசகர்)

பதில்: ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். நமக்கு அப்போது வெயில் கொளுத்தும், அதனால் அங்கே கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையை நாம் மறந்துவிடுகிறோம். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி மணாலிக்கே சாலை இல்லாமல் போனது. அந்த ஆகஸ்டில் சிம்லாவில் மண்சரிந்து, 1903 முதல் ஓடுகிற கல்கா சிம்லா ரயில் பாதையில் ஒரு பகுதி அந்தரத்தில் தொங்கியது. செப்டம்பர் கடைசிவாக்கில் மழை அங்கிருந்து விலகும். அக்டோபரில் நடக்கும் போட்டியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பே அந்த ஊருக்குப் போய்ச் சேருங்கள். ஒரு நாள் சாலை அடைத்தால் ஈடுகட்ட, ஒரு நாள் சைக்கிள் வந்து சேர, ஒரு நாள் உயரத்துக்கு உடம்பு பழக. கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரி எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் அந்தச் சாலையில் ஏறாதே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கனமழை என்பார்கள். நம் கண்மாய்க்கு அது கொண்டாட்டம், செங்குத்தான மண் மலைக்கு அது தாங்காது. சிவப்பு வந்துவிட்டால் டெல்லியிலேயே இறங்கித் தங்கிவிடுங்கள், போட்டி போனாலும் பரவாயில்லை.

திரும்பும் பயணத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அக்டோபர் 20 வாக்கில் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், நவம்பரில் புயலும் வரும். ஒருமுறை அங்கே ஒரு துளி மழையில்லாமல் ஓட்டி முடித்துவிட்டு வந்து, செங்கல்பட்டு தாண்டியதும் தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயிலிலேயே ஒரு ராத்திரி இருந்தேன். அதனால் சென்னையில் இறங்கும் நாளுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது விட்டு லீவு எழுதிக் கொடுங்கள்.